துனிஸ் நகரம்: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை காரணமாகத் துனிசியாவின் தலைநகர் துனிஸில் இரண்டு வருடம் குடியிருந்தேன். தெரிந்தவர்கள் யாராவது அந்த ஊருக்குக் கிளம்பினால் எனக்குப் போன் வந்துவிடும். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றையும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

துனிஸுக்கு ஒரு நாள் போதாதா?

போதாது. சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போகிறவர்கள் காலையில் கார்த்தேஜ் இடிபாடுகள், மதியம் சிதி பூ சயீத் என்ற குன்று ஊர், சாயங்காலம் ஒரு மணி நேரம் பழைய நகரம் என்று காட்டிவிட்டு, மறுநாள் சஹாராவுக்கோ சூஸ் கடற்கரைக்கோ பஸ் ஏற்றிவிடுகிறார்கள். துனிஸை வழியில் இறங்கி ஏறும் ஊராக நினைப்பதுதான் இதற்குக் காரணம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. மூவாயிரம் வருடக் கதையைச் சுமந்து நிற்கிற ஊர் அது.

நாலு நாள் ஒதுக்குங்கள். பழைய நகரத்துக்கு மட்டும் இரண்டு காலைப்பொழுது வேண்டும். கார்த்தேஜுக்கு ஒரு முழு நாள். பர்தோ அருங்காட்சியகத்துக்கு அரை நாள். மீதியைச் சிதி பூ சயீதுக்கும் கடற்கரைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் போகலாம்?

மார்ச் முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததல்ல. டிசம்பர், ஜனவரியில் மழையும் குளிரும் உண்டு. பனிக்காலத்துக்குரிய துணி இல்லாமல் போய் நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்கா என்றாலே சூடுதான் என்ற எண்ணத்தோடு பெட்டி கட்டாதீர்கள்.

கோடையில் போக ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் கார்த்தேஜின் ரோமானிய அரங்கில் சர்வதேச விழா நடக்கும். 1964 முதல் நடந்துவருகிற விழா அது. பழைய அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து, கடல் காற்று முகத்தில் பட, நள்ளிரவு தாண்டியும் பாட்டுக் கேட்கலாம்.

ரம்ஜான் மாதத்தில் போகலாமா?

தாராளமாக. பகலில் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், அலுவலக நேரம் குறையும். ஆனால் நோன்பு திறந்த பிறகு பழைய நகரம் விழித்துக்கொள்ளும். மற்ற மாதங்களில் மாலை ஏழு மணிக்கே வெறிச்சோடிப் போகிற சந்துகளில், அந்த மாதம் மட்டும் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் நடுராத்திரி வரை உலாவும். பழைய மாளிகைகளின் முற்றங்களில் கச்சேரிகள் நடக்கும். அந்த நகரத்தை இரவில் பார்க்க வேண்டும் என்றால் அதுதான் சமயம்.

மெதினா, மெதினா என்கிறார்களே, அது என்ன?

மதிலுக்குள் இருந்த பழைய நகரம். துனிஸின் மெதினாவை 1979ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மசூதி, மதரஸா, மாளிகை, கல்லறை மாடம், குளியலகம் என்று எழுநூறு நினைவுச்சின்னங்கள் அதற்குள் இருக்கின்றன. அது வெறும் காட்சிப் பொருளும் அல்ல. பள்ளிக்கூடம் விட்டு ஓடுகிற பிள்ளைகள், பலகையில் ரொட்டி சுமந்து போகிறவர்கள், மாடியில் காயும் துணி என்று இன்றும் ஜனங்கள் வாழ்கிற இடம்.

நுழைவது பாப் எல் பஹர் வழியாக. 'கடல் வாசல்' என்று பொருள். ஒரு காலத்தில் இந்த வாசலுக்கு வெளியே சதுப்பு நிலமும் அதற்கப்பால் ஏரியும் இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் வந்து அந்தச் சதுப்பைத் தூர்த்துப் புது நகரம் கட்டினார்கள். மதில் போய்விட்டது, வாசல் மட்டும் தனியாக நிற்கிறது.

வாசலைத் தாண்டியதும் இரண்டு தெருக்கள் பிரியும். ஒன்று ஜைத்துனா மசூதிக்குப் போகிறது, மற்றொன்று பழைய கோட்டைப் பகுதியான கஸ்பாவுக்கு. முதல் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள் நெருக்கமாக இருக்கும். பெரும்பாலானவர்கள் அதில் பாதி வழி போய், பித்தளைத் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு, மெதினாவைப் பார்த்துவிட்டோம் என்று திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தைக் கடந்து போனால்தான் மெதினா தொடங்குகிறது.

ஜைத்துனா மசூதிக்குள் எல்லோரும் போகலாமா?

தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம்கள் மட்டும்தான். மற்றவர்கள் காலை வேளையில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் நின்று பார்க்கலாம், வெள்ளிக்கிழமை வேண்டாம். தோளும் முழங்காலும் மறைகிற உடை அவசியம். தாழ்வாரத்திலிருந்தே எவ்வளவோ பார்க்கலாம். இந்த மசூதியின் தூண்களில் பெரும்பாலானவை கார்த்தேஜின் ரோமானிய இடிபாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அதனால் தூண்களின் தலைப்பு ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒன்றில் முள்ளிலை வேலைப்பாடு, அடுத்ததில் சுருள். கார்த்தேஜுக்குப் போகும் முன்பே கார்த்தேஜை இங்கே பார்த்துவிடலாம்.

மசூதியைச் சுற்றியுள்ள சூக்குகள், அதாவது கடைத்தெருக்கள், எந்த வரிசையில் இருக்கின்றன என்று கவனியுங்கள். மசூதிச் சுவரை ஒட்டி அத்தர்க் கடைகள், அடுத்து துணிக்கடைகள். சத்தம் போடுகிற, நாற்றம் வீசுகிற தொழில்கள் எல்லாம் தள்ளி. சாயக்காரர்கள் ஊர் ஓரத்தில். இந்த ஒழுங்கை ஏற்படுத்தி நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, இன்னும் பெருமளவு கலையவில்லை. இப்போது தங்க நகைக் கடைகள் இருக்கிற சூக் எல் பெர்கா ஒரு காலத்தில் அடிமைச் சந்தை. 1846ல் அஹமத் பே என்ற ஆட்சியாளர் அடிமை முறையை ஒழித்தார். அமெரிக்காவிலும் பிரெஞ்சுக் குடியேற்றங்களிலும் அது ஒழிவதற்கு முன்பே துனிஸில் ஒழிந்துவிட்டது என்பதை அந்தச் சிறிய சதுக்கத்தில் நின்று நினைத்துப் பாருங்கள்.

மினாரெட்டுகளையும், அதாவது மசூதிக் கோபுரங்களையும், அண்ணாந்து பாருங்கள். மாலிகி, ஹனஃபி என்பவை இஸ்லாமியச் சட்ட மரபுகள் இரண்டு. நாலு பக்கமாக இருந்தால் உள்ளூர் மாலிகி மரபு. எட்டுப் பட்டையாக இருந்தால் துருக்கியர்கள் கொண்டுவந்த ஹனஃபி மரபு. 1655ல் கட்டிய ஹம்மூதா பாஷா மசூதியின் எட்டுப் பட்டைக் கோபுரம்தான் எனக்குப் பிடித்தது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், ஊர் வரலாற்றில் யார் எங்கே கட்டினார்கள் என்று தெருவில் நடந்தபடியே படித்துவிடலாம்.

சந்துகளில் வழி தவறிவிடுமே?

தவறும். தவறட்டும். மேற்கே கஸ்பா பக்கம் மேடு, கிழக்கே கடல் வாசல் பக்கம் பள்ளம். இறக்கத்தைப் பிடித்து நடந்தால் பெரும்பாலும் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள். போனில் வரைபடம் இருந்தாலும் உயரச் சுவர்களுக்கு நடுவே அது தடுமாறும்.

நான் முதல் வாரமே தொலைந்தேன். தெற்குப் பக்கம், துர்பத் எல் பே அருகே. அது பே வம்சத்து மன்னர்களின் கல்லறை மாடம். ஆண்களின் கல்லறை மேல் பளிங்கில் தலைப்பாகை செதுக்கி வைத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து எங்கெங்கோ திரும்பி, ஒரு முட்டுச் சந்தில் நின்றேன். எதிரே பெரிய மரக்கதவு. கறுப்பு ஆணிகளால் பூ வேலை, மூன்று தட்டும் வளையங்கள். பெரிய கதவுக்குள்ளேயே குனிந்து நுழையும்படி ஒரு குட்டிக் கதவு. அதற்கு 'கூகா' என்று பெயர். அந்தக் குட்டிக் கதவைத் திறந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். எனக்கு அவர் பேச்சு புரியவில்லை, அவருக்கு என் பிரெஞ்சு புரியவில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்ததும் பேரன் வந்தான், பத்து வயது இருக்கும். மூன்று திருப்பம் கூடவே நடந்து வந்து பெரிய தெருவில் விட்டுவிட்டு, காசு நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிவிட்டான்.

அந்த மூன்று வளையங்கள் ஆண், பெண், குழந்தை என்று மூவருக்குத் தனித்தனி என்பார்கள். சத்தத்தை வைத்தே வந்திருப்பது யார் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமாம்.

அதே துர்பத் எல் பே தெருவில்தான் இப்னு கல்தூன் பிறந்த வீடு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். 1332ல் துனிஸில் பிறந்தவர். பேரரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் சரிகின்றன என்று சமூகத்தை ஆராய்ந்து எழுதிய முதல் பெரிய அறிஞர்களில் ஒருவர். புது நகரத்தில் கதீட்ரலுக்கு எதிரே, கையில் புத்தகத்தோடு அவருடைய சிலை நிற்கிறது.

யாராவது கூடவே வந்து கடைக்கு இழுத்துப் போவார்களா?

சிலர் வருவார்கள். 'இன்றைக்கு விசேஷக் கண்காட்சி, நாளை இல்லை' என்பார்கள். போனால் கம்பளக் கடை. கோபப்பட வேண்டியதில்லை. 'லா, ஷுக்ரன்' (வேண்டாம், நன்றி) என்று சிரித்துச் சொல்லிவிட்டு நடந்தால் விட்டுவிடுவார்கள். ஆனால் சில கம்பளக் கடைகளின் மொட்டை மாடி நிஜமாகவே பார்க்க வேண்டிய இடம். பழைய வண்ண ஓடுகள் பதித்த வளைவுகளுக்கு நடுவே ஜைத்துனாவின் கோபுரமும் ஊர் முழுக்க வெள்ளைக் கூரைகளும் தெரியும். மாடியை மட்டும் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, சிறு தொகை கொடுத்து ஏறிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சூக்குகளில் பாதிக்கு மேல் மூடியிருக்கும். அன்றைக்கு மெதினாவை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கார்த்தேஜில் பார்க்க ஒன்றும் இல்லை என்கிறார்களே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ரோமாபுரியின் கொலோசியம் போல ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ரோமை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஹன்னிபாலின் ஊரான கார்த்தேஜை கி.மு. 146ல் ரோமானியர்கள் எரித்துத் தரைமட்டமாக்கினார்கள். அப்புறம் அதே இடத்தில் அவர்களே பெரிய நகரம் எழுப்பினார்கள். 698ல் அரபுகள் பிடித்த பிறகு ஊர் துனிஸுக்கு நகர்ந்தது. கார்த்தேஜ் கற்சுரங்கம் ஆனது. ஜைத்துனாவின் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது அங்கே பணக்காரர்களின் பங்களாக்கள், தோட்டங்கள். அவற்றுக்கு நடுவே அங்கங்கே சிதறிக் கிடக்கிறது பழைய நகரம். எதை எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம்.

முதலில் பிர்சா குன்று. ஃபினீசியாவிலிருந்து, அதாவது இன்றைய லெபனான் கடற்கரையிலிருந்து, தப்பி வந்த இளவரசி எலிஸா, ஒரு மாட்டுத் தோல் அளவு நிலம் கேட்டு, தோலை மெல்லிய இழையாக அறுத்து இந்தக் குன்றையே வளைத்துவிட்டாள் என்பது கதை. கி.மு. 814 என்று மரபாகச் சொல்வார்கள். குன்றின் தெற்குச் சரிவில் 'ஹன்னிபால் குடியிருப்பு' இருக்கிறது. அழிக்கப்பட்ட ஊரின் வீடுகள் எப்படித் தப்பின என்று கேட்டால், அழித்தவர்களே காப்பாற்றியதுதான் விந்தை. ரோமானியர்கள் தங்கள் மன்றம் கட்டுவதற்காகக் குன்றின் உச்சியைச் சீவி, அந்த மண்ணைச் சரிவில் கொட்டினார்கள். எரிந்த தெருக்கள் அப்படியே புதைந்து கிடந்தன. இன்று நீங்கள் அந்த வீடுகளின் வாசல் வழியாக நடக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர்த் தொட்டி உண்டு. தரையில் சிவப்பு ஓட்டுத் துண்டுகளுக்கு இடையே வெள்ளைக் கல் பதித்திருப்பார்கள். குனிந்து பார்த்தால் நேற்றுத்தான் பெருக்கியது போல இருக்கும்.

அங்கிருந்து கீழே கடற்கரைக்கு இறங்கினால் அந்தோனின் குளியல் மண்டபம். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது, ஆப்பிரிக்காவில் ரோமானியர் கட்டிய குளியலகங்களில் மிகப் பெரியது. ஒன்றை மறக்காதீர்கள்: நீங்கள் நடப்பது குளியல் கூடத்தில் அல்ல. அதற்கு அடியில் அடுப்பு எரிக்கவும் விறகு வைக்கவும் பணியாட்கள் புழங்கிய நிலவறையில். கூடங்கள் எல்லாம் தலைக்கு மேல் இருந்தன. நடுவில் நிமிர்த்தி வைத்திருக்கிற ஒற்றைத் தூண் சுமார் 15 மீட்டர். அதைப் பார்த்துவிட்டு, மேலே இருந்திருக்க வேண்டிய கூரையை மனதில் போட்டுப் பாருங்கள். இந்தக் குளியலுக்குத் தண்ணீர் வந்தது ஸகுவான் மலையிலிருந்து, 132 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாக.

குளியல் மண்டபத்தை ஒட்டி ஜனாதிபதி மாளிகை. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம், காவலர்கள் உடனே வந்துவிடுவார்கள்.

கடைசியாக, தெற்கே வட்டத் துறைமுகமும் தோஃபெத்தும். துறைமுகம் இப்போது குளம் போலத்தான் இருக்கும், நடுவில் ஒரு தீவு. 220 போர்க்கப்பல்களை நிறுத்தும் கொட்டகைகள் அங்கே இருந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியிருக்கிறார். தோஃபெத் என்பது குழந்தைகளின் எரிந்த எலும்புகளை மண்கலயத்தில் வைத்துப் புதைத்த இடம். அது பலியா, அல்லது பிறந்தவுடன் இறந்த பிள்ளைகளுக்கான தனி இடுகாடா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சிறு சிறு நடுகற்கள், அவற்றில் கார்த்தேஜ் மக்கள் வணங்கிய தானித் என்ற பெண் தெய்வத்தின் குறி. அங்கே போகும்போது பேச்சு தானாகக் குறையும்.

ரோமானியர்கள் கார்த்தேஜ் மண்ணில் உப்பு விதைத்தார்கள் என்ற கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள். பழைய நூல்கள் எதிலும் அது இல்லை, பிற்காலத்தில் சேர்ந்தது.

பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு, அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம்.

அங்கே எப்படிப் போவது?

டிஜிஎம் ரயில். துனிஸ், குலெத், மார்ஸா என்ற மூன்று ஊர்ப் பெயர்களின் முதலெழுத்து. 1872ல் ஓடத் தொடங்கியது, நாட்டின் முதல் ரயில் பாதை. பெட்டிகள் பழையவை, கூட்டம் இருக்கும், கதவு சில சமயம் மூடாது. இருந்தாலும் டாக்சியை விட இதில் போவதைத்தான் சொல்வேன். வண்டி கிளம்பியதும் ஏரிக்கு நடுவே போட்ட கரை மேல் ஓடும், இரண்டு பக்கமும் தண்ணீர். குளிர்காலத்தில் பூநாரைகள் ஆழமில்லாத நீரில் கூட்டமாக நிற்பதைச் சன்னல் வழியாகவே பார்க்கலாம்.

கார்த்தேஜ் பெயரில் மட்டும் ஆறு நிலையங்கள் இருக்கின்றன. பிர்சா குன்றுக்கு கார்த்தேஜ் ஹன்னிபாலில் இறங்கினால் வசதி. தோஃபெத்துக்கு ஸலாம்போ. பின் பாக்கெட்டில் பர்ஸ் வைக்காதீர்கள். நெரிசலில் கை வைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

டாக்சி மஞ்சள் நிறம், மீட்டர் உண்டு. ஏறியதும் மீட்டர் ஓடுகிறதா பாருங்கள்.

சிதி பூ சயீதில் கூட்டம் அதிகமாமே?

பதினொரு மணிக்கு மேல் நிற்க இடமிருக்காது. காலை எட்டரைக்கு முன்பே போய்விடுங்கள். வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் கொண்ட அந்தக் குன்று அந்த நேரத்தில் பூனைகளுக்கும் வாசல் கழுவுகிறவர்களுக்கும் மட்டும் சொந்தம். 1915லேயே இந்த ஊரின் தோற்றத்தைக் காக்கச் சட்டம் போட்டுவிட்டார்கள். அதற்குப் பாடுபட்டவர் ரொதோல்ஃப் தெர்லாஞ்சே என்ற பிரபு, ஓவியர், அரபு இசை ஆய்வாளர். அவர் பத்து வருடம் செலவழித்துக் கட்டிய என்னெஜ்மா எஸ்ஸாஹ்ரா மாளிகை இன்று இசை மையம். கூட்டம் தெருவில் படமெடுத்துக்கொண்டிருக்கும், மாளிகைக்குள் நாலு பேர் இருந்தால் அதிகம். பழைய இசைக்கருவிகள் அங்கே இருக்கின்றன. கண்டிப்பாகப் பாருங்கள்.

அப்புறம் பம்பலூனி. வாசலிலேயே எண்ணெய்ச் சட்டியில் மாவை வளையமாக இழுத்துப் போட்டு, சர்க்கரையில் புரட்டிக் காகிதத்தில் தருவார்கள். சூடு ஆறும் முன் சாப்பிட வேண்டும். தேநீர் கேட்டால் 'புந்துக்' போட்டுத் தரச் சொல்லுங்கள். பைன் கொட்டைகள் மிதக்கும், கடைசி வாயில் பல்லில் கடிபடும்.

பர்தோ அருங்காட்சியகம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

ஆமாம். ரோமானிய மொசைக் ஓவியங்களின் தொகுப்பில் உலகிலேயே முன்வரிசையில் நிற்கிறது. 1888ல் பழைய அரண்மனையில் தொடங்கியது. ரோமானியக் கவி வர்ஜில் மடியில் சுவடியோடு உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் கலைத் தேவியர் நிற்கும் மொசைக்கைத் தேடிப் போங்கள். அளவில் சிறியது, ஆனால் முகத்தில் அவ்வளவு கனம். கிரேக்கக் காவிய நாயகன் யுலிஸிஸ் பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு மோகினிகளின் பாட்டைக் கேட்கும் காட்சி, துக்கா என்ற ஊரிலிருந்து வந்தது. இன்னொரு அறையில், மஹ்தியா கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த வெண்கலச் சிலைகள்; 1907ல் கடற்பஞ்சு எடுக்கப் போனவர்கள் கண்டுபிடித்தது.

2015 மார்ச் 18 அன்று இங்கே பயங்கரவாதத் தாக்குதல் நடந்து, பார்வையாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். நுழைகிற இடத்தில் அவர்களுக்கு நினைவுப் பலகை இருக்கிறது, ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே நாடாளுமன்றம் இருப்பதால் 2021 ஜூலை அரசியல் நெருக்கடியில் மூடிய அருங்காட்சியகம், 2023 செப்டம்பரில்தான் மறுபடி திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். அங்கே சூரை மீன் ஊறுகாய் போல. சாலட் மேல், ரொட்டிக்குள், சூப்பில் என்று எங்கும் வைத்துவிடுவார்கள். 'பிலா தூன்' என்றால் சூரை வேண்டாம். 'பிலா அத்மா' என்றால் முட்டை வேண்டாம். 'தாஜின்' என்ற பெயரைப் பார்த்து மொரோக்கோவின் காய்கறிக் குழம்பு என்று நினைத்துவிடாதீர்கள். துனிசியாவில் அது முட்டையும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட கேக் மாதிரி ஒன்று.

உங்களுக்கென்றே இருப்பது லப்லாபி. குளிர்காலக் காலையில் உழைப்பாளிகள் சாப்பிடுவது. மண் கிண்ணமும் பழைய ரொட்டியும் கையில் கொடுத்துவிடுவார்கள். ரொட்டியை நீங்களே பிய்த்துப் போட வேண்டும், சின்னச் சின்னதாக. நான் முதல் தடவை பெரிய துண்டுகளாகப் போட்டபோது பக்கத்தில் இருந்த பெரியவர் என் கிண்ணத்தை வாங்கிப் பாதியை மறுபடி பிய்த்துக் கொடுத்தார். அதைக் கடைக்காரரிடம் நீட்டினால் வெந்த கொண்டைக்கடலையைச் சாற்றோடு ஊற்றி, சீரகப் பொடி, பூண்டு, ஹரிஸா, எலுமிச்சை, மேலே தாராளமாக ஆலிவ் எண்ணெய் விடுவார். இரண்டு கரண்டியால் கிளறிவிட்டுச் சாப்பிட வேண்டும். சீரகமும் பூண்டும் சேர்ந்த அந்த வாசனைக்கு வீட்டு ரசம் ஞாபகம் வந்துவிடும்.

ஹரிஸா என்பது காய்ந்த மிளகாயைப் பூண்டு, கொத்தமல்லி விதை, கருஞ்சோம்பு போன்ற கராவேயோடு அரைத்து எண்ணெயில் குழைத்த விழுது. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் ஆலிவ் எண்ணெயோடு ஒரு தட்டில் முதலில் வந்துவிடும். 2022ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. காரம் நமக்குப் பழக்கமானதுதான்.

மீன் சாப்பிடுகிறவர்கள் மாலையில் துறைமுக ஊரான லா குலெத்துக்குப் போங்கள். நீங்களே மீனைத் தேர்ந்தெடுத்துத் தரலாம், பொரித்தோ சுட்டோ தருவார்கள். எடை போடும்போதே விலையைக் கேட்டுவிடுங்கள்.

பணம்?

துனிசிய தினாரை நாட்டுக்குள் கொண்டுவரவும் முடியாது, வெளியே எடுத்துப் போகவும் முடியாது, சட்டப்படி தடை. அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும். மாற்றிய ரசீதை வைத்திருந்தால்தான் திரும்பும்போது மீதியை மாற்றித் தருவார்கள். ஒரு தினாருக்கு ஆயிரம் மில்லிம். பேச்சில் மில்லிமில்தான் விலை சொல்வார்கள். 'ஐயாயிரம்' என்றால் ஐந்து தினார்தான், பதறாதீர்கள்.

ஹம்மாம் அனுபவம் எப்படி?

மெதினாவில் இன்னும் பழைய ஹம்மாம்கள், அதாவது ஆவிக் குளியலகங்கள், ஓடுகின்றன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நேரம், முதல் நாளே கேட்டுவையுங்கள். ஆவி அறையில் உடம்பு ஊறிய பிறகு, 'கெஸ்ஸா' என்ற சொரசொரப்பான கையுறையால் தேய்த்துவிடுவார்கள். அழுக்குத் திரி திரியாக வரும், கொஞ்சம் எரியும். எண்ணெய் தேய்த்துக் குளித்து எழுந்தது போல உடம்பு லேசாகிவிடும். துண்டும் மாற்றுடையும் கொண்டுபோங்கள்.

நினைவாக என்ன வாங்கலாம்?

ஷெஷியா. சிவப்புக் கம்பளித் தொப்பி. ஸ்பெயினிலிருந்து 1609க்குப் பிறகு துரத்தப்பட்ட அந்தலூசிய முஸ்லிம்கள் இந்தத் தொழிலைத் துனிஸில் வளர்த்தார்கள். கஸ்பா தெருவை ஒட்டிய ஷவாஷின் சூக்கில் இன்னும் சில பட்டறைகள் இருக்கின்றன. முதலில் வெள்ளைக் கம்பளியில் தலையை விடப் பெரிதாகப் பின்னுவார்கள். அதை வெந்நீரிலும் சோப்பிலும் மிதித்துச் சுருக்குவார்கள். அப்புறம் ஒருவகை முட்செடியின் காய்ந்த தலைகளை வைத்து மேலே வாரி வாரி இழை எழுப்புவார்கள். தட்டிப் பார்த்தால் பின்னல் என்றே தெரியாது, கெட்டியான வெல்வெட் மாதிரி இருக்கும். கடை வாசலில் நின்று பாருங்கள், கேட்டுவிட்டுப் படமெடுங்கள். தெருக்கடையில் மலிவாகக் கிடைப்பது இயந்திரத்தில் செய்தது. விரலால் நீவினாலே வித்தியாசம் தெரியும்.

ஆண்கள் காதில் பூ வைத்துக்கொள்வார்களாமே, உண்மையா?

உண்மை. நம் பேச்சில் காதில் பூ என்றால் ஏமாற்றுவது. அங்கே அது கோடைக்கால மரியாதை.

மாலை ஆறு மணிக்கு மேல் புது நகரத்தின் பெரிய சாலையான புர்கீபா சாலையிலும் சிதி பூ சயீதிலும் தட்டில் அடுக்கிக்கொண்டு விற்பவர்கள் வருவார்கள். 'மஷ்மூம்' என்று பெயர். பார்த்தால் சின்ன வெள்ளைக் குஞ்சம். விரியாத மல்லிகை மொட்டுகளைப் பகலிலேயே பறித்து, அல்ஃபா என்ற புல்லின் காய்ந்த ஈர்க்குகளில் ஒவ்வொன்றாகச் செருகி, எல்லா ஈர்க்குகளையும் சேர்த்து நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்கள். ஒரு விற்பனைக்காரர் அருகில் உட்கார்ந்து ஒரு தடவை முழுதாகப் பார்த்தேன். நூலை ஒரு முனையில் பல்லால் கடித்துக்கொண்டு, மறு கையால் இழுத்துச் சுற்றினார். பூக்கடையில் மல்லிகைச் சரம் கட்டும் அதே வேகம். 'ஃபெல்' என்று அவர்கள் சொல்வது நம் குண்டுமல்லி இனம்தான், முகர்ந்ததும் தெரிந்துவிடும்.

ஆண்கள் அதைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு காப்பிக் கடைகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தாராளமாகக் கிடைக்கும். வாங்கும்போது மொட்டு மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விரிந்தது மதியமே கட்டியது. இரவில் அறையில் தலைமாட்டில் வைத்தால் பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கும், விடிவதற்குள் அறை முழுக்க மணக்கும்.